காற்றுக்காகக் கை தூக்கியவர்

சென்ற வருடம் பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கிழக்குத் தாம்பரம் பக்கத்தில் இருக்கிற ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தது இது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். பேச்சு எங்கேயாவது சுற்றப் போனால் அவள் பேனாவைக் கீழே வைத்துவிடுவாள். அதைப் பார்த்து நானே திரும்பி வந்துவிடுவேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. நூறு மீட்டர் பந்தயம் ஓடுகிறார். சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். "இந்த வயசுல யாரு தாத்தா உன்னத் தொரத்துறாங்க?" என்று எங்கள் தெருவில் கேட்காத ஆள் இல்லை. யாரும் துரத்தவில்லை. மூத்தோர் தடகளம் என்று ஒன்று இருக்கிறது. ஐந்து ஐந்து வயதாகப் பிரித்து ஓடவிடுவார்கள். முட்டியில் கட்டுப் போட்டவர், சர்க்கரை மாத்திரை முழுங்கியவர், பல் செட்டைக் கழற்றிப் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு வந்தவர் என்று எல்லாரும் ஆணி வைத்த ஷூவை மாட்டிக்கொண்டு வரிசையாகக் கோட்டில் நிற்பார்கள். எனக்கு அதைப் பார்த்தால் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்த மாதிரி அவ்வளவு சந்தோஷம்.

மற்ற வீடுகளில் சாப்பாட்டு நேரத்தில் சீரியல் ஓடும். எங்கள் வீட்டில் உலகச் சாதனை ஓடும். கல்யாணமான புதிதிலிருந்து கேட்டுக் கேட்டு அந்தக் கதை முழுக்க எனக்கு மனப்பாடம். அந்தக் காலத்தில் காலை உதைத்துக் கிளம்ப இப்போது போல் கட்டை கிடையாதாம். ஆளுக்கொரு சின்னக் கரண்டி கொண்டுவந்து, ஓடுகிற பாதையிலேயே குழி தோண்டிப் பாதத்தை அதில் வைத்துக்கொள்வார்களாம். நேரம் பார்ப்பது கையில் பிடித்து அமுக்குகிற ஸ்டாப்வாட்ச் கடிகாரத்தில். மூன்று பேர் நின்று அமுக்குவார்கள். மூன்று கட்டை விரலும் மூன்று நேரம் சொல்லும். அமெரிக்காவில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் பத்து நொடிக்குள் ஓடிக் காட்டினார்களாம். அப்புறம் மெஷின் வந்து நொடியை நூறு துண்டாக நறுக்க ஆரம்பித்தது.

மருந்து போட்டுக்கொண்டு ஓடி, உலகமே கைதட்டி, மூன்றாம் நாள் பதக்கத்தைப் பறிகொடுத்தவர் ஒருவர். இன்னொருவருக்கு உலகச் சாதனை என்று அறிவித்து, பாராட்டெல்லாம் முடிந்த பிறகு, மெஷின் கணக்கில் பிசகு என்று சொல்லி நொடியில் நூறில் ஒரு பங்கைத் திருப்பி வாங்கிக்கொண்டார்களாம். சாதனை போய், பழைய ஆளோடு சமம் என்று ஆகிவிட்டது. பாவம், அந்த ஆள் வீட்டில் அன்றைக்குச் சமைத்திருப்பார்களா என்று நான் கேட்டேன். இவர் முறைத்தார். இந்தச் சாதனைக்காரர்கள் வரிசையில் கடைசியாக வந்த ஜமைக்காக்காரர், பனைமரம் மாதிரி வளர்ந்தவர், ஒன்பதரை நொடிக்குக் கொஞ்சம் மேலே ஓடி முடித்ததை டிவியில் பார்த்தபோது இவர் எழுந்து நின்று கும்பிட்டார். அதை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

இவர் அதிகமாகச் சொல்வது காற்றைப் பற்றித்தான். முதுகுப் பக்கம் காற்று அடித்தால் ஓடுகிறவரைத் தள்ளிக்கொண்டு போகும். அதனால் நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் காற்று இருந்தால், ஜெயித்தது ஜெயித்ததுதான், ஆனால் சாதனைக் கணக்கில் சேராது. வெளிநாட்டில் ஒரு பையன் அந்த நாளைய உலகச் சாதனையை விட வேகமாகவே ஓடியும், பின்னால் பலமான காற்று என்று ஒதுக்கிவிட்டார்களாம்.

அதைச் சொல்லும்போது இவருடைய குரல் மாறிவிடும். காரணம் உண்டு. இளவயதில், தொழிற்சாலைகளுக்கு நடுவே நடந்த போட்டியில் இவர் ஓடிய ஓட்டம் மாநிலச் சாதனையைத் தாண்டிவிட்டதாக மூன்று கடிகாரமும் சொல்லின. ஆனால் அந்த மைதானத்தில் காற்றை அளக்கிற கருவி இல்லை. கணக்கில் சேராது என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை என்று இவர் எனக்கு எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். கணக்கில் சேருகிற மாதிரி ஓர் ஓட்டம். வாழ்க்கையில் இவர் கேட்டது அது ஒன்றுதான்.

இவர் வயதுப் பிரிவிலும் மாநிலச் சாதனை என்று ஒன்று இருந்தது. பயிற்சியில் அதைத் தொட்டுத் தொட்டு வந்துகொண்டிருந்தார். இதற்காக வாரம் தவறாமல் திருநீர்மலைப் படியேறி இறங்குவார். அங்கே பெருமாள் நின்றும் இருப்பார், உட்கார்ந்தும் இருப்பார், படுத்தும் இருப்பார், நடந்தும் இருப்பார். "ஓடுற பெருமாள் மட்டும்தான் இல்ல. அந்தப் போஸ்ட்டு காலியா கீது, அதுக்குத்தான் நான் ட்ரை பண்றேன்" என்பார். நான் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். ஆனால் முட்டி மருத்துவர் சிரிக்கவில்லை. "இந்தப் போட்டியோட நிறுத்திக்குங்க. அப்புறம் நடக்கறதுக்காவது முட்டி வேணும்" என்று சொல்லிவிட்டார். ஆக, இந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் இனி இல்லை.

பந்தயம் காலை எட்டு மணிக்கு என்றார்கள். ஏழு மணிக்கே போய்விட்டோம். மைதானம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. கிழக்கே கிளம்பி மேற்கே முடிக்க வேண்டும். காலையில் காற்றே இல்லை. இவர் முகம் தெளிவாக இருந்தது. "நல்ல நேரம். ஒம்பதுக்குள்ள ஓட வுட்டாங்கன்னா போதும்" என்றார்.

நம் ஊரில் சிறப்பு விருந்தினர் வராமல் எது தொடங்கியிருக்கிறது? ஒன்பது ஆயிற்று. பத்தும் ஆயிற்று. உடம்பைச் சூடு பண்ணிக்கொண்ட கிழவர்கள் எல்லாம் ஆறிப்போய் மறுபடி சூடு பண்ணிக்கொண்டிருந்தார்கள். மைக்கில் "இதோ நெருங்கிவிட்டார், சேலையூர் தாண்டிவிட்டார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சேலையூரிலிருந்து தவழ்ந்து வந்தால்கூட அதற்குள் வந்திருக்கலாம். பதினொன்று அடிக்கும்போது கார் வந்தது. குத்துவிளக்குப் பக்கம் கூட்டிப் போனார்கள். அவர் மெழுகுவர்த்தியைப் பிடித்து ஒரு திரியைப் பொருத்தினார். அணைந்துவிட்டது. மறுபடி பொருத்தினார். மறுபடியும் அணைந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நான் கிழக்கே திரும்பிப் பார்த்தேன்.

கடல்காற்று வந்துவிட்டது.

பங்குனி வெயிலில் புழுங்கிக்கொண்டு, இந்தக் காற்று எப்போது வரும் என்று ஏங்காத வீடு நம் பக்கத்தில் உண்டா? பிறந்ததிலிருந்து வா வா என்று கூப்பிட்ட காற்றை அன்றைக்குத்தான் வராதே என்று வேண்டினேன். படுத்திருக்கிற பெருமாளே, இதையும் கொஞ்ச நேரம் உன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள் என்று கும்பிட்டேன். பெருமாள் கேட்கவில்லை. சிறப்பு விருந்தினர் படம் போட்ட பேனர் பாய்மரம் மாதிரி உப்பியது. தண்ணீர் கேன் பக்கம் கிடந்த பிளாஸ்டிக் டம்ளர்கள் மேற்கே பார்த்து உருண்டு ஓடின. அவை ஓடிய வேகத்துக்கு அவற்றுக்கே மெடல் கொடுத்திருக்கலாம்.

பொன்னாடை, பேச்சு எல்லாம் முடிந்து பந்தயம் ஆரம்பித்தது. சின்ன வயதுப் பிரிவிலிருந்து வரிசையாக ஓடவிட்டார்கள். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் மைக்கில் காற்றின் அளவைச் சொல்வார்கள். இரண்டரை. அப்புறம் மூன்று. அதற்கடுத்தது மூன்றுக்கும் மேலே. யாருக்கும் எதுவும் கணக்கில் சேரவில்லை. இவர் தூரத்தில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

என் பக்கத்தில் ஓர் அம்மா குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னை விட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள். வெயிலைப் பார்த்துக் குடையை என் பக்கம் சாய்த்தாள். அப்படியே பேச்சு வளர்ந்தது. கோவளத்துக்காரி. மீன் விற்கிறவள். டப்பாவில் வறுத்த நெத்திலி வைத்திருந்தாள். நான் எலுமிச்சம் சாதத்தை நீட்டினேன்.

"உன் வூட்டுக்காரரு எந்த ரேஸுக்கா?" என்றாள்.

சொன்னேன்.

"அட, எங்க ஆளும் அதுதான்! நாலாம் நம்பர் கோடு."

"அப்டியா? அந்த ரேஸுல ரெக்கார்டு வெச்சுகினு கீறவரு யாரோ கோவளத்து ஆளுன்னு சொல்லுவாரு எங்க வூட்டுக்காரரு…"

"அந்தப் புண்ணியவான்தான்" என்று சொல்லி ஒரு நெத்திலியை வாயில் போட்டுக்கொண்டாள்.

நான் எலுமிச்சம் சாதத்தை மெதுவாக என் பக்கம் இழுத்துக்கொண்டேன். சட்டென்று எழுந்து வேறு இடம் போகவும் முடியவில்லை. குடை அவளுடையது.

எழுபது தாண்டியவர்களைக் கூப்பிட்டார்கள். ஆறு பேர். எங்கள் வீட்டுக்காரர் மூன்றாம் கோடு. பக்கத்திலேயே நாலாம் கோட்டில் அந்தக் கோவளத்துக்காரர். கறுத்து, வற்றி, நரம்பு நரம்பாக இருந்தார். ஆயுசு முழுக்கப் படகில் போனவராம். இப்போது பிள்ளைகள் போகிறார்கள், அவர் மணலில் ஓடுகிறார்.

"ஆன் யுவர் மார்க்ஸ்" என்றார் துப்பாக்கிக்காரர். எல்லாரும் குனிந்து உட்கார்ந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் முட்டியை மடக்கும்போது பல்லைக் கடிப்பது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. அப்போது கோவளத்துக்காரர் கையைத் தூக்கினார். கால் வைக்கிற கட்டை ஆடுகிறதாம். எல்லாரையும் எழுந்திருக்கச் சொல்லிவிட்டுக் கட்டையைச் சரி பார்த்தார்கள். மறுபடி உட்கார்ந்தார்கள். "செட்" என்றார். எல்லாரும் இடுப்பைத் தூக்கினார்கள். மறுபடி அதே ஆள் கையைத் தூக்கினார். காலில் பிடிப்பாம்.

துப்பாக்கிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. நேரே போய் அவர் முகத்துக்கு முன்னால் மஞ்சள் அட்டையைக் காட்டினார். இன்னொரு தடவை இப்படிச் செய்தால் வெளியே அனுப்பிவிடுவோம் என்று அர்த்தம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா இது? உன் வூட்டுக்காரரு வேணும்னே பண்றாரா? எங்க ஆளு குந்திகினு எய்ந்து, குந்திகினு எய்ந்து, முட்டி இன்னாத்துக்கு ஆவும்? ரெக்கார்டு போயிடும்னு பயம், அதான் இந்த டிராமா!"

அவள் கோபப்படவில்லை. என் தாடையைப் பிடித்துக் கிழக்கே திருப்பினாள்.

"அங்க பாருக்கா. காம்பவுண்டு சொவுத்துக்கு அந்தாண்ட சவுக்கு மரம் தெரியுதா? எங்க ஆளு அதத்தான் பாத்துகினு கீறாரு."

"மரத்த இன்னாத்துக்குப் பாக்கணும்?"

"காத்து ஒரே மூச்சா அடிக்காதுக்கா. அடிக்கும், கொஞ்சம் நிக்கும், மறுபடி அடிக்கும். அந்த மரம் நின்னுச்சுன்னா அடுத்தது இங்க நிக்கும். அந்த கேப்புல ஓடணும்னு பாக்குறாரு. அதான் லேட்டு பண்றாரு."

எனக்குப் புரியவில்லை. புரிந்தாலும் நம்ப முடியவில்லை. "காத்து அடிச்சா உங்களுக்குத்தானேம்மா நல்லது? எங்க ஆளு முந்திப் போனாக்கூட கணக்குல வராது. உங்க ரெக்கார்டு அப்டியே நிக்கும்ல?"

"அந்த ரெக்கார்டாலதான்கா அவருக்குப் பேஜாரே" என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அத அவரு போட்டப்ப காத்து அளக்குற மெஷினு சரியா வெக்கலன்னு கூட ஓடுனவங்களே சொல்லிட்டாங்க. கடல்காத்து தூக்கியாந்து போட்ட ரெக்கார்டுன்னு டீக்கடையில கிண்டல் பண்றாங்க. மனுஷன் அதுலேர்ந்து சரியா சோறு துண்றது இல்ல. இன்னிக்கு காத்து இல்லாம ஓடணும், தோத்தாலும் சரின்னு வந்துகீறாரு."

சொல்லும்போதே மைதானத்தில் மூன்றாவது தடவை கூப்பிட்டுவிட்டார்கள். ஆறு பேரும் குனிந்தார்கள். பேனர் இன்னும் உப்பியபடியே இருந்தது. சவுக்கு மரத்தைப் பார்த்தேன். உச்சி ஆடிக்கொண்டுதான் இருந்தது. இன்னொரு தடவை கை தூக்கினால் அந்த ஆள் வெளியே போய்விடுவார். தூக்காவிட்டால் இரண்டு பேருக்கும் இந்த ஓட்டம் வீண். நான் அவள் கையைப் பிடித்தேனா, அவள் என் கையைப் பிடித்தாளா தெரியாது. வளையல் அழுந்திய தடம் அப்புறம் பார்த்தபோதுதான் தெரிந்தது.

"நின்னுச்சு" என்றாள் அவள். மரம் நின்றிருந்தது. ஆனால் பேனர் நிற்கவில்லை.

"செட்" என்று குரல் வந்தது. ஆறு இடுப்பும் மேலே போயின. கோவளத்துக்காரரின் விரல்கள் தரையில் ஊன்றியிருந்தன. அவற்றில் ஒன்று அசைந்த மாதிரி எனக்குத் தோன்றியது. தூக்கிவிடப் போகிறாரா? பேனரின் கீழ் ஓரம் ஒரு தடவை படபடத்தது. பிறகு துவண்டு, ஈரத் துணி மாதிரி தொங்கியது.

துப்பாக்கி வெடித்தது.

நூறு மீட்டர் ஓட்டத்தில் சொல்லுவதற்கு ஒன்றும் இல்லை. வாயைத் திறந்து மூடுவதற்குள் முடிந்துவிடும். பாதி வரைக்கும் கோவளத்துக்காரர் முன்னால் வந்தார். அப்புறம் எங்கள் வீட்டுக்காரர் தோளோடு தோள் சேர்ந்தார். கடைசியில் நெஞ்சை முன்னால் தள்ளியபடி இரண்டு பேரும் கோட்டைத் தாண்டி, ஒருவர் மேல் ஒருவர் விழாத குறையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மைக்கில் சொன்னார்கள். மூன்றாம் கோடு முதலிடம். நேரம் பழைய சாதனையை விடக் குறைவு. நான் எழுந்துவிட்டேன். "காற்றின் அளவு இன்னும் வரவில்லை, பொறுங்கள்" என்றார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து யாரோ மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். சிறப்பு விருந்தினர் கிளம்புகிறாராம். அவருக்கு நினைவுப் பரிசு, அவரைக் கூட்டி வந்தவருக்குப் பொன்னாடை, அந்தப் பொன்னாடையை வாங்கித் தந்தவருக்கு நன்றி. காற்றை அளந்தவர் ஓரமாகக் கையில் துண்டுச்சீட்டோடு நிற்கிறார். அவரை மேடைப் பக்கம் விடவில்லை. கோவளத்துக்காரி எழுந்து நின்று, மீன் ஏலத்தில் கத்துகிற குரலில், "யோவ், காத்து எவ்ளோன்னு சொல்லிட்டு அப்பால சால்வ போடுங்கய்யா!" என்று கத்தினாள். மைதானமே திரும்பிப் பார்த்தது. சீட்டு மேடைக்குப் போனது.

"காற்றின் அளவு ஒன்று புள்ளி எட்டு. புதிய மாநிலச் சாதனை!"

அதைக் கேட்டதும் குதித்தது எங்கள் வீட்டுக்காரர் இல்லை. அவரால் எழுந்திருக்கவே முடியவில்லை. குதித்தவர் கோவளத்துக்காரர். சாதனையை இழந்த மனுஷன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "சேந்துச்சு! சேந்துச்சு!" என்று குதித்தார். அவரும் தன் பழைய நேரத்தைத் தாண்டித்தான் ஓடியிருந்தார், நூலளவு பின்னால். நாங்கள் இரண்டு பேரும் குடையை விட்டுவிட்டு ஓடினோம். எனக்கும் அந்த வேகம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் சவுக்கு மரத்து விஷயத்தைச் சொன்னதும், எங்கள் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்தபடியே அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எனக்காக மஞ்சள் அட்டை வாங்கினியேப்பா" என்றார்.

"உனக்காக ஒண்ணும் இல்ல தலைவா" என்றார் அவர். "எனக்காகத்தான். இனிமே எவனும் காத்து தூக்கியாந்துச்சுன்னு சொல்ல மாட்டான்ல? உன் நெஞ்சு கொஞ்சம் முன்னாடி போச்சு, அது உன் அதிர்ஷ்டம். அடுத்த தபா பாத்துக்கலாம்."

"எனக்கு அடுத்த தபா இல்ல. முட்டி போச்சு."

அவர் குனிந்து இவருடைய முட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அப்ப எனக்கு டைமாவது பாத்துக் குடு" என்றார்.

விளையாட்டுக்குச் சொன்னார் என்று நினைத்தேன். மறு வாரமே இவர் கடிகாரத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நாங்கள் கோவளம் பஸ் ஏறுகிறோம். படகெல்லாம் கரை ஏறி, மீன் ஏலம் சூடு பிடிப்பதற்கு முன்னால், ஈர மணலில் இவர் காலால் இரண்டு கோடு கிழிப்பார். அந்த மனுஷன் ஓடுவார். இவர் கடிகாரத்தை அமுக்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம்தான்யா, குனிஞ்சு கெளம்பு, தலைய இப்பவே தூக்காத" என்று அதட்டுவார். நானும் அந்த அம்மாவும் கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து இரண்டு பேரையும் கேலி பண்ணிக்கொண்டிருப்போம்.

ஒரு நாள் பஸ்ஸில் திரும்பி வரும்போது, "ஏங்க, அம்பது வருஷமா ஆசப்பட்டு வாங்குன ரெக்கார்டு, அத ஒடைக்கச் சொல்லி நீங்களே சொல்லிக் குடுக்குறீங்களே, மனசு வலிக்கலயா?" என்று கேட்டேன். இவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "கணக்குல சேந்துச்சுல்ல? அது போதும். அதுக்கு மேல அது என்னுது இல்ல" என்றார்.

வருகிற பங்குனியில் மறுபடி போட்டி வருகிறது. கோவளத்துக்காரர் ஓடுகிறார். அவர் எங்கள் வீட்டுக்காரரின் சாதனையை முறியடித்தால் முதலில் கைதட்டுவது நானாகத்தான் இருக்க வேண்டும் என்று பெருமாளிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். கைக்கு வந்ததை இறுக்கிப் பிடித்துக்கொள்ளத்தான் எனக்கு இத்தனை வருடமும் தெரிந்திருந்தது. விட்டுக் கொடுக்கக் காத்திருப்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்பதை, நான் வாய்க்கு வந்தபடி திட்டிய அந்த மனுஷன்தான் எனக்குக் காட்டினார்.